இளவரசி சந்தோன்மோந்தோன்: ஒரு குறுகிய வாழ்வை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சியாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் மோங்குட்டின் மகளாக 1855 ஏப்ரல் 24 அன்று பிறந்த இளவரசி சந்தோன்மோந்தோன், 1863 மே 14 அன்று காலராவுக்குப் பலியானாள். எட்டு வயது நிறைந்து மூன்று வாரங்கள்கூட முழுதாகக் கழியவில்லை. அவளுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆனா லியனோவன்ஸ் எழுதிய நூலும், அதிலிருந்து கிளைத்த நாவலும் நாடகமும் திரைப்படங்களுமே அவளை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தின. அதனால் அவளைப் பற்றி எழுதுவோர் பலரும், வரலாற்றில் வாழ்ந்த குழந்தையை விட்டுவிட்டுக் கதையில் வரும் குழந்தையையே எழுதிவிடுகிறார்கள்.

பெரிய தவறு, ஆசிரியையின் நூலை நேரடிச் சாட்சியமாக அப்படியே ஏற்பது. அவர் 1862இல் பாங்காக்குக்கு வந்து 1867இல் வெளியேறியவர். மோங்குட் 1868இல் காலமானார். நூல் வெளியானதோ 1870இல். மறுத்துப் பேச மன்னர் உயிரோடு இல்லாத காலத்தில் எழுதப்பட்ட அந்தப் பக்கங்களில், நீர் ஊறும் பாங்காக் மண்ணில் நிலத்தடிச் சிறைகள் இருந்ததாகச் சொல்வது போன்ற, வரலாற்றாசிரியர்கள் ஏற்க மறுக்கும் செய்திகள் உண்டு. தம் பிறப்பையே அவர் மாற்றிச் சொன்னவர்: வேல்ஸ் நாட்டில் பிறந்ததாகக் கூறிக்கொண்ட அவர் உண்மையில் பிறந்தது இந்தியாவின் அகமத்நகரில், 1831இல்.

இதைக் கேட்டவுடன் மறுகோடிக்குப் போய், அந்த நூலில் சிறுமியைப் பற்றி வரும் எல்லாமே கற்பனை என்று ஒதுக்கிவிடுவதும் தவறுதான். சமஸ்கிருத ஆசிரியை தப்பு செய்தால் கைகளைப் பின்னுக்கு வளைக்கிறார் என்று முறையிட்டு, ஆங்கில வகுப்பில் படம் வரையக் கற்றுத் தரும்படி ஒரு பிற்பகலில் அவள் கேட்டாள் என்று எழுதப்பட்டிருக்கும் பகுதியில் எந்தச் சதியும் இல்லை, யாரையும் இழிவுபடுத்தும் நோக்கமும் இல்லை. இத்தகைய பகுதிகளை 'ஆசிரியை நினைவுகூர்வதன்படி' என்ற குறிப்போடு எடுத்தாளலாம். அரண்மனைக் கொடுமைகள் பற்றிய பரபரப்பான பகுதிகளைத் தாய்லாந்து ஆவணங்களோடு ஒப்பிடாமல் தொடக்கூடாது என்பதே என் கருத்து.

காலவரிசையைக் கலந்துவிடுவதும் அடிக்கடி நிகழ்கிறது. இளவரசியின் தாய் ராம்பேயி 1861 செப்டம்பரில், ஆசிரியை வந்து சேர்வதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆகவே ஆசிரியை அறிந்தது தாயை இழந்த ஆறு, ஏழு வயதுச் சிறுமியை. தாயின் அத்தையான இளவரசி லாமோமின் அரவணைப்பில், அண்ணன் சுலாலங்கோர்னோடும் இரண்டு தம்பிகளோடும் வளர்ந்தவளை. அந்தப் பழக்கமும் ஓராண்டைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். நெடுங்கால மாணவியாக அவளைக் காட்டுவது பொருந்தாது.

மோங்குட்டுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்ற செய்தியை வைத்துக்கொண்டு, ஒரு மகளின் சாவு அவருக்குப் பெரிதாக இருந்திருக்காது என்று ஊகிப்பவர்களும் உண்டு. ராம்பேயி பெற்ற நான்கு பிள்ளைகளில் பெண் இவள் ஒருத்தியே. பிறப்பிலேயே சாவ் ஃபா என்னும் உயர்நிலை பெற்றவள். அவளது மரணத்தை வெளிநாட்டு நண்பர்களுக்கு அறிவிக்க மன்னரே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு தந்தையின் துயரத்தை அளப்பது நியாயமே அல்ல.

மரணக் காட்சியை எழுதும்போது மிகுந்த கவனம் வேண்டும். உறவினர்கள் அவளைச் சூழ்ந்து 'ப்ரா அரஹங்' என்று சொல்லிக்கொண்டிருந்ததாக நூல் கூறுகிறது. பிரியும் உயிரின் கடைசி நினைவு புத்தரிடம் நிலைக்க வேண்டும் என்பதற்கான பௌத்த வழக்கம் அது. மருத்துவத்துக்கு மாற்றாகச் செய்த மந்திரமாக அதைச் சித்திரிக்கக்கூடாது. அவளைக் காப்பாற்ற முடியாமல் போனதற்குச் சியாமின் பின்தங்கிய நிலைதான் காரணம் என்பதும் தவறான கூற்று. காலரா கழிவு கலந்த தண்ணீரால் பரவுகிறது என்று ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் லண்டனில் 1854இல் காட்டியும், அங்கேயே பல மருத்துவர்கள் அதை ஏற்கத் தயங்கினார்கள். காலராக் கிருமியை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் கண்டறிந்து அறிவித்தது 1884இல்தான். உடல் இழக்கும் நீரையும் உப்பையும் உடனுக்குடன் ஈடுசெய்யும் சிகிச்சை பரவலாகாத காலத்தில், கடுமையாகத் தாக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் வரை இறந்தார்கள். அது நடந்தது பாங்காக்கானாலும் லண்டனானாலும் பெரிய வேறுபாடு இருந்திருக்காது.

கதைகளில் அவள் 'ஃபா யிங்' என்றே வருகிறாள். அது இளவரசியின் படிநிலையைக் குறிக்கும் சொல், அவளுடைய பெயர் அல்ல. அதை மட்டும் வைத்துத் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் திரைப்படச் செய்திகள்தான். மன்னரான பிறகு சுலாலங்கோர்ன், தங்கைக்கு மரணத்துக்குப் பிந்தைய சிறப்பாகக் க்ரோம் லுவாங் விசுத்கசாத் என்ற பட்டத்தை அளித்தார். பாங்காக்கின் விசுத்கசாத் சாலை அந்தப் பட்டத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது. தாய்லாந்துப் பதிவுகளில் அவளைத் தேடுவோர் இந்தப் பட்டத்தையும் இயற்பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும்.