பிரிஜிட் சிலுவை பின்னுவது எப்படி?

பிப்ரவரி 1, அயர்லாந்தில் அந்நாட்டின் பாதுகாவலராகப் போற்றப்படும் பெண் துறவி புனித பிரிஜிட்டின் திருநாள். வசந்தம் அன்றே பிறக்கிறது என்பது அங்குள்ள பழைய கணக்கு. முந்தின நாள் மாலை வீட்டிலேயே உட்கார்ந்து புல்தண்டுகளால் ஒரு சிலுவை பின்னுவார்கள். நான்கு கைகளும் காற்றாடி போல ஒரே சுற்றில் விலகி நிற்கும்.

அங்கே ஈர நிலத்தில் வளரும் கோரை போன்ற ஒரு தண்டைத்தான் எடுப்பார்கள். அதைக் கத்தியால் அறுக்கக்கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும் என்பது வழக்கம். நமக்குப் பச்சைக் கோரை கிடைத்தால் நல்லது. பழகிப் பார்க்க பேப்பர் ஸ்ட்ராவும் போதும். 17 தண்டு, கொஞ்சம் நூல், ஒரு கத்தரிக்கோல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தண்டைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இரண்டாவதைப் பாதியில் மடித்து, முதல் தண்டின் நடுவில் மாட்டுங்கள். மடிப்பு தண்டை அணைத்திருக்க, இரு நுனிகளும் வலப்பக்கம் நீள வேண்டும்.

இப்போது மொத்தத்தையும் இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். வலப்பக்கம் இருந்த நுனிகள் மேலே வந்துவிடும். மூன்றாவது தண்டை மடித்து, மேலே நிற்கும் தண்டுகள் எல்லாவற்றையும் அணைத்து மாட்டுங்கள். நுனிகள் மறுபடி வலப்பக்கம்.

அவ்வளவுதான். வலப்பக்கம் மடி, இடப்பக்கம் திருப்பு. மீதித் தண்டுகளுக்கும் இதே வேலை.

தவறு நடப்பதெல்லாம் நடுவில்தான். மாட்டும் ஒவ்வொரு தண்டையும் மையத்தை நோக்கி இறுக்கித் தள்ளுங்கள், கட்டை விரலை எடுக்காதீர்கள். விரல் தளர்ந்தால் நடுச்சதுரம் கோணலாகிவிடும், அப்புறம் சரிசெய்வது கஷ்டம். கடைசித் தண்டின் நுனிகளைப் பக்கத்து மடிப்புக்குள் செருகி இழுத்துவிட்டால் பின்னல் பூட்டிக்கொள்ளும். நான்கு கைகளையும் நுனியருகே நூலால் கட்டி, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடுங்கள்.

சரி, எங்கே மாட்டுவது? வாசலுக்கு மேலே, அல்லது கூரையின் உட்புறம். தீ அண்டாது என்பது நம்பிக்கை. கூரை வேய்ந்த வீடுகளில் அந்தப் பயம் நியாயமானதுதானே! மாட்டுத் தொழுவத்திலும் மாட்டுவார்கள். மரணப் படுக்கையில் கிடந்த ஒரு தலைவனுக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லும்போது, தரையில் பரப்பியிருந்த தண்டுகளை எடுத்து பிரிஜிட் இதைப் பின்னினார் என்பது கதை. அயர்லாந்து அரசுத் தொலைக்காட்சியின் சின்னமாகவும் இந்தச் சிலுவை பல்லாண்டு இருந்தது. 2023 முதல் இத்திருநாளுக்காக அரசு விடுமுறையும் உண்டு.

சிலுவை முடிந்த கையோடு ஒரு துணித்துண்டையும் அன்றிரவு வெளியே போட்டு வையுங்கள். பிரிஜிட் அவ்வழியே போகும்போது அதை ஆசீர்வதிப்பார் என்பார்கள். தலைவலி, தொண்டைவலி வந்தால் அதைத்தான் கட்டிக்கொள்வார்கள்.