ராட்சதப் பனைகளைக் கொட்டையிலிருந்து வளர்ப்பது: முதல் இலைக்கு முன்னால் நடப்பவை

என் முதல் தாளிப்பனை (குடைப்பனை என்றும் சொல்வார்கள்) ஒரு இலைகூட விடாமல் செத்துப்போனது. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு கொட்டையிலிருந்து வெள்ளையாக ஒன்று எட்டிப்பார்த்தது. சந்தோஷத்தில் அதை ஆறங்குலத் தொட்டியில் நட்டு வைத்தேன். அது நேரே கீழே இறங்கி, தொட்டியின் அடியில் முட்டி, மடங்கி, வடிகால் ஓட்டை வழியாக வெளியே தலையை நீட்டிக் காய்ந்துவிட்டது. மேலே எப்போது முளை வரும் என்று நான் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பனங்கொட்டையைப் புதைத்துக் கிழங்கு இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு விஷயம் உடனே புரியும். கொட்டையை விட்டு முதலில் வெளியே வருவது வித்திலையின் காம்பு. அது கருவைத் தன் நுனியில் சுமந்துகொண்டு மண்ணுக்குள் போகிறது. தேவையான ஆழம் கிடைத்ததும் நுனியிலிருந்து வேர் கீழே போகும், காம்பில் உள்ள ஒரு பிளவு வழியாக இலை மேலே வரும். தாளிப்பனை, பிஸ்மார்க்கியா (மடகாஸ்கரின் விசிறிப்பனை), கடல் தேங்காய் (இரட்டைத் தேங்காய் காய்க்கும் சீஷெல்ஸ் பனை) எல்லாம் இந்த ரகம்தான். ராயல் பனை வேறு ரகம்: கொட்டையை ஒட்டியே பொத்தான் மாதிரி ஒரு குமிழ் தோன்றும், வேரும் குருத்தும் அங்கிருந்தே கிளம்பிவிடும். உங்களிடம் இருப்பது எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தொட்டி, ஆழம் எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

1. புதிய கொட்டை

பெரும்பாலான வெப்பமண்டலப் பனைகளின் கொட்டைகளை நெல், மிளகாய் விதை மாதிரி உலர்த்திச் சேமிக்க முடியாது. உள்ளே ஈரம் வற்றினால் கரு செத்துவிடும். குளிர்சாதனப் பெட்டியும் ஆகாது. பத்துக் கொட்டை கிடைத்தால் ஒன்றைத் தியாகம் செய்து உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, நாற்றமில்லாமல் இருக்க வேண்டும். ஓரத்தில் சின்னக் குழியில் கரு உட்கார்ந்திருக்கும். அதுவும் வெளுப்பாக, விறைப்பாக இருந்தால் மீதி ஒன்பதையும் நம்பலாம். பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தால் அந்த முழுத் தொகுதியுமே சந்தேகம்தான். தண்ணீரில் மிதந்தால் கெட்டது என்று சொல்வார்கள். பனைகளில் அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை, நல்ல கொட்டைகளும் மிதக்கும்.

தாளிப்பனைக் கொட்டை எப்போதும் கிடைக்காது. அந்த மரம் 30 முதல் 80 வயதுக்குள் ஒரே ஒரு முறை பூக்கும். காய் முதிர ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்துக்கொண்டு, அப்புறம் மரம் பட்டுப்போகும். கிடைக்கும்போது உடனே விதைத்துவிடுங்கள்.

2. சுத்தம் செய்து ஊறவைத்தல்

சதையை முழுவதும் எடுத்துவிட வேண்டும். அது முளைப்பைத் தடுக்கும், பூஞ்சையையும் கூப்பிடும். பழத்தை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் போட்டால் சதை இளகிவிடும், தேய்த்துக் கழுவலாம். கையுறை கட்டாயம். கூந்தற்பனை போன்ற சிலவற்றின் சதையில் ஊசி வடிவ ஆக்சலேட் படிகங்கள் இருக்கும், அரிப்பு உயிரை எடுத்துவிடும். கழுவிய கொட்டையை மறுபடி இரண்டு நாள் ஊறவையுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஓட்டை உடைக்கவோ தேய்க்கவோ சுத்தியல், உப்புத்தாள் எதுவும் வேண்டாம்.

3. பை முறை

நனைத்த தென்னை நார்க்கழிவைக் கைப்பிடி அளவு எடுத்துப் பிழியுங்கள். உருண்டை உதிராமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டுகூட வழியக் கூடாது. அந்தப் பதத்தில் ஒரு ஜிப் பையில் போட்டு, கொட்டைகளைப் புதைத்து மூடி, 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்கும் இடத்தில் வையுங்கள். நேரடி வெயில் பட்டால் பைக்குள்ளேயே வெந்துவிடும். வெளிச்சம் தேவையில்லை.

வாரம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். கொட்டையின் மேல் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பெரும்பாலும் மிச்சமிருந்த சதையில்தான் பிடித்திருக்கும், கழுவிவிட்டுத் திரும்ப வையுங்கள். கொட்டை மெத்தென்று அமுங்கி நாறினால் தூக்கிப் போட வேண்டியதுதான். மாதங்கள் ஆகலாம். ஒரே குலையின் கொட்டைகள்கூட ஒன்றாக முளைக்காது, அவசரப்பட்டு எதையும் கொட்டிவிடாதீர்கள்.

4. ஆழமான தொட்டி

காம்பு விரல்நுனி அளவு வெளியே வந்ததுமே மாற்றிவிடுங்கள். நீண்டபிறகு கை வைத்தால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் கருவும் போச்சு.

தாளிப்பனைக்கும் பிஸ்மார்க்கியாவுக்கும் ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழம் வேண்டும். அகலம் ஆறு அங்குலம் இருந்தாலே தாராளம். நான் பயன்படுத்துவது துண்டு போட்ட பிவிசி குழாய். நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கம்பியால் சேர்த்துக் கட்டி, அடியில் வலை வைத்து நிறுத்துவேன். பின்னால் கம்பியை அவிழ்த்தால் வேர் கலையாமல் மண் அப்படியே கழன்று வரும். பிஸ்மார்க்கியா வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும் என்பதால் இந்த மெனக்கெடல். ராயல் பனைக்கு இதெல்லாம் தேவையில்லை, சாதாரணத் தொட்டி போதும்.

கலவைக்குப் பருமணல் பாதி, நார்க்கழிவு பாதி. நட்ட இரண்டாம் நாளே கலவை கீழே அமுங்கிவிடும், அதனால் லேசாகத் தட்டி நிரப்புங்கள். காம்பின் நுனி கீழ்நோக்கி இருக்க, கொட்டையின் பாதி வெளியே தெரியும்படி நடுங்கள். இங்கிருந்து பல வாரங்களுக்கு மேலே எதுவும் தெரியாது. கிளறிப் பார்க்கும் ஆசை வரும், கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். கலவையை ஈரமாக மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

5. முதல் இலை

கொட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, மடித்த விசிறி போல ஈட்டியாக ஒன்று கிளம்பும். இதற்கு அப்புறமும் கொட்டையைப் பிய்த்து எடுக்காதீர்கள். நாற்று பல மாதங்கள் அதிலிருந்துதான் சாப்பிடுகிறது. இடையில் உள்ள காம்பு காய்ந்த கயிறு மாதிரி தெரிந்ததால் அசிங்கமாக இருக்கிறதென்று ஒருமுறை வெட்டிவிட்டேன். இரண்டாவது இலை வர ஒரு வருடம் ஆனது.

இதனாலேயே முதல் இரண்டு மூன்று மாதம் உரம் வேண்டாம். பிறகு மெதுவாகக் கரையும் உரம் கொஞ்சம், அதில் பொட்டாசியமும் மெக்னீசியமும் இருக்கட்டும். அடி இலைகளில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் பொட்டாசியம் பற்றவில்லை. ஓரம் மஞ்சளாகி நடு பச்சையாகவே இருந்தால் மெக்னீசியம். ஆரம்பத்தில் பாதி நிழல், இலை கெட்டியானதும் படிப்படியாக வெயிலுக்கு மாற்றுங்கள்.

6. நிலத்தில் நடுதல்

சரி, நான்கைந்து இலை வந்தாயிற்று. இடத்தை இப்போதே தீர்மானியுங்கள், பிறகு நகர்த்த முடியாது. வளர்ந்த தாளிப்பனையின் ஒரு இலையே 5 மீட்டர் விரியும், உயரம் 25 மீட்டர் வரை போகும். சுவர், கம்பி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். குருத்தின் அடிப்பகுதி புதைந்தால் அழுகும். பனைக்கு இருப்பது ஒரே ஒரு குருத்து, அது போனால் பக்கத்தில் வேறு துளிர் வராது.

அதன்பின் பல வருடங்கள் அடிமரம் என்று எதுவும் எழாது, இலைகள் மட்டும் ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே போகும். மற்ற மரங்களைப் போலப் பனையின் தண்டு வருடா வருடம் பருக்காது. வேண்டிய தடிமனைத் தரை மட்டத்திலேயே கட்டி முடித்துவிட்டுத்தான் மேலே ஏறத் தொடங்கும். அந்த வருடங்களில் வேலை குறைவு. கோடையில் தண்ணீர், குருத்தில் வண்டு ஏதும் குடைந்திருக்கிறதா என்று அவ்வப்போது ஒரு பார்வை. பச்சை இலைகளை அழகுக்காகக் கழிக்காதீர்கள், முழுக்கக் காய்ந்ததை மட்டும் வெட்டுங்கள்.