குளிருக்குப் பயந்து மற்றதைக் கோட்டை விடாதீர்கள்: மலையகத்தில் பையன்களை வளர்க்கும் அம்மாக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், கொட்டகலை, டிக்கோயா, தலவாக்கலை என்று டவுனை ஒட்டிக் குடியிருக்கும் நம் வீடுகளில் எல்லாப் பழியும் குளிர் மேல்தான் விழும். பிள்ளை தும்மினால் குளிர், இருமினால் குளிர், சாப்பாடு வேண்டாம் என்றாலும் குளிர். இரண்டு பையன்களோடு இதே மலையில் குடித்தனம் நடத்துகிறேன், அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளைகளை உண்மையில் வாட்டுகிற பல விஷயங்கள் குளிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கின்றன. குல்லாவும் கம்பளியும் போட்டுவிட்டதோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அதுதான் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

முதலில் அந்தக் குளிரையே பார்ப்போம். சளியைக் கொடுப்பது வைரஸ் கிருமி. குளிர் என்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து, ஒரே அறையில் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும்போது அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுலபமாகத் தொற்றும். வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்தில் அரை மணி நேரமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுத்தது உடுப்பு. கனமான ஜேர்சி ஒன்றை மாட்டி அனுப்பினால் பையன் ஏற்றத்தில் ஓடி வியர்த்து, அந்த ஈரத்தோடேயே வகுப்பில் உட்கார்ந்திருப்பான். மெல்லியதாக இரண்டு மூன்று உடுப்பு போட்டுவிட்டால் சூடானதும் ஒன்றைக் கழற்றிக்கொள்வான். கழற்றலாம் என்று அவனுக்குச் சொல்லியும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மா ஏசுவாள் என்று கழற்றவே மாட்டான். சளி பிடிக்கும் என்று நாள்கணக்கில் குளிக்க வார்க்காமல் விடுவதும் வேண்டாம். பகல் நேரத்தில் சுடுதண்ணீரில் சீக்கிரம் வார்த்து, தலையை நன்றாகத் துவட்டினால் போதும்.

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை நம் பக்கத்தை விடாது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் சொல்லவே வேண்டாம். வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் காயாது, சப்பாத்து காயாது, காலுறை காயவே காயாது. அதனால் பிள்ளைகள் படுக்கும் அறையிலேயே கயிறு கட்டித் தொங்கவிடுகிறோம். அந்த ஈரம் சுவரில் இறங்கிக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. துணி காயப்போட இஸ்தோப்பையோ வேறு அறையையோ ஒதுக்குங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சப்பாத்துக்குள் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து வைத்தால் காலைக்குள் ஈரத்தை இழுத்துவிடும். முடிந்தால் காலுறை மட்டுமாவது ஒரு சோடி கூடுதலாக வாங்கிப் புத்தகப் பையில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குளிர் தாங்கவில்லை என்று கரி போட்ட சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை மூடிக்கொண்டு படுப்பது உயிரை எடுக்கும். எரியும் கரியிலிருந்து வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. விறகடுப்பு வீடென்றால் புகை போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்படி வெதுவெதுப்பாக இருக்கிறது என்று பிள்ளைகளை அங்கேயே உட்கார்த்திப் பாடம் எழுத வைப்பதை நிறுத்துங்கள். அந்தப் புகைக்கும் தீராத இருமலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இனி தேத்தண்ணி. இதைப் பேசினால் பெரியவர்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் தேயிலை போட்ட பிறகு இந்த மலைகளின் வாழ்க்கையே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. நம் பாட்டிமார் வெறும் வயிற்றில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் கொழுந்து பறிக்க மலை ஏறினார்கள். அந்தப் பழக்கம் பிள்ளையின் போத்தலுக்குள்ளும் வந்துவிட்டது. காலையில் ரொட்டியும் சம்பலும் கூட ஒரு கோப்பை தேத்தண்ணியும், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இன்னொன்று, நான்கு மணிக்கு பிஸ்கட்டைத் தொட்டுக்கொள்ள ஒன்று. பிள்ளை ஆசையாகக் குடிக்கிறான், உடம்பும் சூடாகிறது, இதில் என்ன தவறு என்று அப்பாயி கேட்பார்.

தவறு இரும்புச்சத்தில் இருக்கிறது. தேயிலையில் உள்ள டானின் போன்ற பொருட்கள் கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்ச விடாமல் தடுக்கின்றன. இறைச்சியும் மீனும் எப்போதாவதுதான் சாப்பிடும் வீட்டில் பிள்ளைக்குக் கிடைக்கிற இரும்புச்சத்தில் பெரும்பகுதி அந்தக் கீரையிலும் பருப்பிலும்தான் இருக்கிறது. அதையும் தேத்தண்ணி தடுத்தால் மிச்சம் என்ன? பையன் சோர்ந்து கிடக்கிறான், படிப்பில் கவனம் இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறது, மண்ணையோ சோக்கட்டியையோ தின்கிறான் என்றால் ‘சோம்பேறி’ என்று ஏசாதீர்கள். இரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தோம் என்றும் யோசித்துப் பாருங்கள். குடற்பூச்சியும் இரத்தத்தைக் குறைக்கும்.

சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணி தேவையே இல்லை. பழகிவிட்ட பெரிய பையனுக்கு ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால், சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், சாயத்தையும் சீனியையும் குறையுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய்ப்புளி சேருங்கள். சம்பலில், கீரைச் சுண்டலில், பருப்பில் இறக்கிய பிறகு பிழிந்துவிட்டால் அதிலுள்ள விற்றமின் சி இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். கொய்யாப்பழமும் அதே வேலையைச் செய்யும். முட்டை, நெத்தலிக் கருவாடு, சோயா எல்லாம் வாரத்துக்குள் ஒரு சுற்று வரட்டும். தேத்தண்ணிப் போத்தலை வாயில் வைத்தபடியே தூங்க விடாதீர்கள், முன்பல் வரிசையாகச் சொத்தையாகும். கிளினிக்கில் திரிபோஷா சத்துமா கொடுத்தால் அது அந்தப் பிள்ளையின் பங்கு. வீடு முழுக்கப் பங்கு போட்டால் எடை ஏறாது.

அடுப்பு வேலையில் மலைக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், 100 வரை போகாது. அதனால்தான் கொழும்பில் சட்டென்று வெந்துவிடும் கடலையும் பயறும் இங்கே மணிக்கணக்கில் கிடக்கின்றன. அவசரத்துக்கு அரைவேக்காட்டில் இறக்கிக் கொடுத்தால் வயிறு ஊதும், வலிக்கும். பிறகு பிள்ளை கடலையைத் தொடவே மாட்டான். இரவே ஊறவைத்து பிரஷர் குக்கரில் போடுங்கள்.

கொதிக்கவைத்துக் குடிக்கிற தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம். தளதளவென்று ஓரிரு நிமிடம் கொதித்தால் இந்த உயரத்திலும் கிருமிகள் செத்துவிடும். கொதிக்கவைக்காத பீலித் தண்ணீரைத்தான் நம்பக்கூடாது. மலையிலிருந்து கண்ணாடி மாதிரி வருகிறது, இதைவிடச் சுத்தம் ஏது என்போம். அந்தப் பீலிக்கு மேலே மருந்தடித்த தேயிலை மலையும் மரக்கறித் தோட்டமும் கக்கூஸ் குழியும் இருக்கலாம். மருந்து கலந்திருந்தால் கொதிக்கவைத்தும் போகாது, அப்படிச் சந்தேகம் உள்ள பீலியைக் குடிக்க எடுக்கவே வேண்டாம். கக்கூஸ் அழுக்கு கலந்த தண்ணீரால் வயிற்றோட்டமும் செங்கமாரியும் வரும். இன்னொரு பக்கம், குளிரில் பிள்ளைகள் தண்ணீரே கேட்பதில்லை. மலச்சிக்கல், சிறுநீர் எரிவு என்று பிறகு மருந்துக்கு ஓடுகிறோம். வெதுவெதுப்பாகப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடக் கழிப்பறை பிடிக்காமல் மத்தியானம் வரை அடக்கி வைத்திருக்கிறானா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பையன்கள் இதைத் தானாகச் சொல்லவே மாட்டார்கள்.

சொல்ல மாட்டார்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘ஆம்பிளைப் பிள்ளை அழலாமா’ என்ற வார்த்தையை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். நான்கு வயதில் விழுந்து முழங்கால் தேய்ந்ததற்கு அழக்கூடாது என்று பழகியவன், பத்து வயதில் வேனிலோ டியூஷனிலோ யாராவது தகாத முறையில் தொட்டாலும் வாயைத் திறக்க மாட்டான். பையன்தானே, அவனுக்கு என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் ஆபத்தானது. உடம்பைப் பற்றியும் யார் தொடலாம், தொடக்கூடாது என்பதைப் பற்றியும் பெண் பிள்ளைக்குச் சொல்வது போலவே அவனுக்கும் சொல்லுங்கள். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை அவனுக்குப் பாடமாக்கிக் கொடுங்கள்.

வீட்டு வேலையும் அப்படித்தான். நம் வீடுகளில் கொழுந்து பறித்தோ, கடையில் நின்றோ, ஒஃபிசில் இருந்தோ அலுத்து வருகிற பெண்தான் வந்ததும் அடுப்பைப் பற்றவைக்கிறாள். இது அடுத்த தலைமுறையிலும் தொடர வேண்டுமா என்பது இன்று நம் பையன் சாப்பிட்ட கோப்பையை யார் கழுவுகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையால் காலுறையைச் சோடி சேர்க்க முடியும், எட்டு வயதுப் பிள்ளையால் சப்பாத்தைத் துடைக்கவும் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவவும் தேங்காய் துருவவும் முடியும். ‘பையனுக்கு அடுப்படியில் என்ன வேலை’ என்று மாமியார் சொன்னால் சண்டை வேண்டாம். ‘கொஞ்சம் பழகட்டும் மாமி’ என்று சொல்லிவிட்டு வேலையை அவன் கையிலேயே விடுங்கள். அண்ணன் தம்பியை ஒப்பிட்டுப் பேசுவதையும் சேர்த்தே நிறுத்துங்கள். கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவனுக்கும் அது பாரம்தான்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வருவோம். மூன்றாம் வகுப்பிலேயே டியூஷன், நான்காம் வகுப்பில் இரண்டு டியூஷன், ஐந்தில் விளையாட்டே கிடையாது. 200 புள்ளிக்கான அந்தப் பரீட்சை உதவிப்பணத்துக்கும் பெரிய பாடசாலைகளில் இடம் கிடைப்பதற்கும் உதவும், உண்மைதான். ஆனால் வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளையும் ஆறாம் வகுப்புக்குப் போகிறான், சாதாரண தரம் எழுதுகிறான், பல்கலைக்கழகம் போகிற வழி அவனுக்கும் திறந்தே இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையிடம் ‘மானத்தை வாங்கிவிட்டாய்’ என்று சொல்கிற வீட்டில் பரீட்சை யாருக்காக எழுதப்பட்டது என்று எனக்குக் கேட்கத் தோன்றும். படிப்பில் பின்தங்கினால் டியூஷனைக் கூட்டுவதற்கு முன் தூக்கத்தைப் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். ஆறேகாலுக்கு வேன் வருகிறது என்றால் ஐந்தேகாலுக்கு எழும்ப வேண்டும், அப்படியென்றால் இரவு எட்டு மணிக்குப் படுத்துவிட வேண்டும். நம் வீடுகளில் எட்டு மணிக்குத்தான் நாடகமே தொடங்குகிறது. ஃபோனும் அப்படியே, படுக்கும் அறைக்குள் வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் குளிர் என்று இரண்டு கம்பளியால் மூடாதீர்கள், சூடு வெளியேற வழி வேண்டும். பெரசிட்டமோல் வயதைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்துக் கொடுக்கிற மருந்து. போன முறை மிஞ்சிய அன்டிபயோட்டிக்கைத் தம்பிக்குக் கொடுப்பது கூடவே கூடாது. மலையில் டெங்கு இல்லை என்றும் இருந்துவிட வேண்டாம். லீவுக்குக் கொழும்புக்கோ கண்டிக்கோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டொக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அஸ்பிரின், இபுபுரூஃபன் மாதிரி மருந்துகளைத் தொடாதீர்கள். அவசரத்துக்கு 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

கடைசியாக, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்ட லயங்கள் புதைந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்ததை எல்லோரும் பார்த்தோம். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று இதை அவர்களிடம் பேசாமல் விடுவது தவறு. மேட்டின் ஓரத்தில் முதலில் திரிகிறவர்கள் அவர்கள்தான், மாற்றத்தை முதலில் காண்கிறவர்களும் அவர்கள்தான். மண்ணிலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது லைட் போஸ்ட், திடீரென்று கிளம்பிய ஊற்று, கலங்கி வருகிற பீலி, இழுத்தால் வராத கதவு: இவற்றில் எதைப் பார்த்தாலும் ஓடி வந்து சொல்லச் சொல்லுங்கள்.

பக்கம் நேராக உள்ள பழைய டின் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, அடிமட்டத்தால் தினமும் ஒரே நேரத்தில் மழையை அளக்கிற வேலையை மூத்தவனிடம் கொடுக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ உடனே வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் புத்தகம், இழுப்பு மருந்து, ஒரு சோடி உடுப்பு எல்லாவற்றையும் நனையாத பையில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள். எந்தப் பாதையால் போவது, யார் வீட்டில் ஒன்றுகூடுவது என்பதை வெயில் நாளிலேயே பையன்களோடு நடந்து பார்த்துவிடுங்கள். இரவில் சிவப்பு அறிவிப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.