மார்கழி பிறந்தாலும் மழை போய்விடாது: கடலூரில் டிசம்பர் மாதம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பாதி தாண்டியதும் கடலூரில் பலருக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். கார்த்திகை தீபம் முடிந்தது, விடியற்காலையில் பனி இறங்குகிறது, வாசலில் பெரிய கோலம் போட ஆரம்பித்தாயிற்று. "கர்ணனுக்கு மேல் கொடையும் இல்லை, கார்த்திகைக்கு மேல் மழையும் இல்லை" என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

முதல் தவறு இந்த நிம்மதிதான். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 காலையில், அதாவது பாதி மார்கழியில். பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் அன்று வேரோடு சாய்ந்தன. வடகிழக்குப் பருவமழை சில வருடம் பொங்கல் வரைகூட இழுக்கும். அதனால் ஐப்பசியில் கூரைத் தகரத்துக்குக் கட்டிய கயிற்றைத் தை பிறக்கும்வரை அவிழ்க்காதீர்கள். தென்னையில் காய்ந்த மட்டை தொங்கினால் இப்போதே வெட்டிவிடுங்கள்.

இரண்டாவது, துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைத் தப்பாகப் புரிந்துகொள்வது. எண் ஒன்று கூடினால் ஆபத்தும் ஒரு படி கூடிவிட்டது என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. 1, 2 இரண்டும் புயல் சின்னமோ புயலோ கடலில் தொலைவில் உருவாகியிருப்பதைச் சொல்பவை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது துறைமுகத்தை ஒட்டியே கடக்குமா என்பதுதான் வித்தியாசம். கடும் புயலுக்கு 8, 9, 10 அதே கணக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். "5 தானே, 7 வரட்டும் பார்ப்போம்" என்று காத்திருப்பவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. கூண்டு ஏறியபின் அலை பார்க்க வெள்ளிக் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதும் வேண்டவே வேண்டாம்.

புயலின் கண் நம் ஊர் மேலேயே கடந்தால், பேய்க்காற்று திடீரென்று நின்றுவிடும். அப்போது வெளியே வந்து விழுந்த மரத்தை இழுக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்டு நிற்கும் சுவரும் மரமும் அப்போதுதான் விழும்.

மழை அளவு எந்த நாளுக்கு உரியது என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. வானிலைத் துறை ஒரு நாள் மழையைக் காலை 8.30 மணியோடு முடித்துக் கணக்கிடுகிறது. 2024 டிசம்பர் 1 தேதியிட்டு புதுச்சேரிக்குச் சொன்ன சுமார் 46 செ.மீ. மழை, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த முந்தின நாள் காலை 8.30 மணியிலிருந்து பெய்ததையும் சேர்த்துத்தான்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது கடைசித் தவறைத்தான். நம் தெருவில் மழை விட்டதும் வெள்ள பயம் போய்விட்டது என்று நினைப்பது. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக வந்து நம் ஊரில் கடலில் சேருகிறது. அங்கே கொட்டும் மழை ஒரு நாள் கழித்து நம் வாசலுக்கு வரும். ஃபெஞ்சலில் நடந்தது அதுதான். புயல் உள்நாட்டுக்குள் நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் மட்டும் 50 செ.மீ. பெய்தது. அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாக, தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 விடியுமுன் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிடப்பட்டது. புயல் போய்விட்டது என்று துணி உலர்த்தத் தொடங்கிய கடலூரில் ஆற்றோரக் குடியிருப்புகளும், அந்தப் பக்கம் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியும் மூழ்கின.

அதனால் புயல் கடந்த மறுநாள் நம் ஊர் வானத்தைப் பார்ப்பதைவிடச் சாத்தனூரில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று விசாரிப்பது முக்கியம். தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்கள் மாட்டையும் அரிசி மூட்டையையும் மேட்டுக்கு ஏற்றியிருந்தால், வெயில் அடித்தாலும் இன்னும் இரண்டு நாள் அங்கேயே இருக்கட்டும். ராத்திரி தூங்கப் போகும்போது போனில் முழு சார்ஜ் இருக்கட்டும், சத்தத்தை அணைத்து வைக்காதீர்கள். ஃபெஞ்சலின்போது தண்ணீர் திறந்த செய்தி வந்தது பின்னிரவில்.