‘சிவகாமியின் செல்வன்’ பார்க்க உட்காரும் முன்

1974-ல் வந்த இந்தப் படத்தைத் தனியாக போனில் பார்க்காதீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்து, வீட்டில் வயதான பெண்கள் யாராவது இருக்கும்போது டிவியில் போடுங்கள். மதுரை செல்லூரில் என் பெரியம்மாவோடு நான் பார்த்தது அப்படித்தான்.

1969-ல் வந்த இந்தி ‘ஆராதனா’வின் தமிழ் வடிவம் இது. சி.வி.ராஜேந்திரன் இயக்கம், எம்.எஸ்.வி. இசை, சிவாஜி, வாணிஸ்ரீ. முதல் பாதி இழுக்கும், அதிலும் நாற்பதைத் தாண்டிய சிவாஜி இளவட்டமாக ஓடியாடுவது கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும், ஆனாலும் பாட்டுகளை ஓட்டிவிடாதீர்கள்.

ஊருக்குத் தெரியாமல் நடக்கிற அந்தக் கல்யாணம் வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். ஊர் கண்ணுக்கு நாயகி வாணிஸ்ரீ கல்யாணமாகாதவள், படம் பார்க்கிற நமக்கு மட்டும் கல்யாணமானவள். அன்றைக்குத் தியேட்டருக்கு வந்த கூட்டம் அவளை ஏற்க வேண்டுமே என்று போட்ட முடிச்சு அது. அந்தக் கல்யாணம் இல்லாவிட்டால் அவள் பட்ட பாடு குறைந்துவிடுமா என்ன? எனக்குப் படத்தின் மேல் பெரிய வருத்தமே இதுதான்.

அப்புறம் விமானம் ஓட்டும் காதலன் இறந்துபோகிறான், கல்யாணத்தை யாரும் நம்பவில்லை, குழந்தை வேறு வீட்டுக்குப் போய்விடுகிறது. அதே வீட்டில் ஆயாவாக வேலைக்குச் சேர்கிறாள் பெற்றவள். படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதுவரை அரைக்கண்ணால் பார்த்தபடி மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த பெரியம்மாவின் கை நின்றுவிட்டது. நார் விரலில் சுற்றியபடி இருக்க, எடுத்த மொட்டு இரண்டும் மடியில் விழுந்து கிடந்தன. “எங்க தெருவுலயும் ஒருத்தி இருந்தா” என்றார்.

இப்படி யாராவது பேச்செடுத்தால் உடனே படத்தை நிறுத்திவிடுங்கள். யார், எந்த வீடு என்று துருவ வேண்டாம், சும்மா கேளுங்கள். பிள்ளையைத் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டாளாம் அந்தப் பெண். கடைசிவரை அவன் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டானாம். வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடலாம் என்கிற தொட்டில் குழந்தைத் திட்டம் மதுரைக்கு வந்ததே 2001-ல்தான், அவளுக்கு அதெல்லாம் ஏது?

மீதிக் கதையில் கொலை, ஜெயில், அப்பாவின் அச்சாக வளர்ந்து நிற்கும் மகன் என்று அடுத்தடுத்து வரும். தர்க்கம் பார்க்காமல் வாணிஸ்ரீயின் முகத்தை மட்டும் பாருங்கள்.

‘இப்பவும் இப்படித்தானா?’ என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். கல்யாணமாகாத தாய், அப்பா பெயரை வெளியில் சொல்லாமலே தன் பிள்ளைக்குக் காப்பாளர் ஆகலாம் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைப் பெரியம்மாவிடமும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மட்டும், அவள் ஆயாவாகப் போகிற இடத்திலிருந்து மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் முறை பார்ப்பதாக இருந்தால் நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.