காரைக்குடியில் வால்வு ரேடியோ வாங்கி கிட்டார் ஆம்ப் ஆக்குவது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் சட்டிகளுக்கும் பழைய கடிகாரங்களுக்கும் நடுவே வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) ரேடியோவும் கண்ணில் படும். கடைக்காரர் விலை சொல்வது பாலிஷ் போட்ட பெட்டிக்கு. கிட்டார் ஆம்ப் செய்ய நினைப்பவருக்கு வேண்டியது உள்ளே இருக்கும் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள்: கரண்டை வாங்கும் மெயின்ஸ் ஒன்று, ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் அவுட்புட் ஒன்று. அவை நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் சில்லறை வேலை. வால்வு இல்லை, ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது என்பதெல்லாம் விலையைக் குறைக்கப் பேச உதவும், அவ்வளவுதான்.

கையில் டார்ச்சும் மல்டிமீட்டரும் இருக்கட்டும். பின் அட்டையைக் கழற்ற விடாத கடையில் வாங்க வேண்டாம். "ஓடுதுண்ணே, போட்டுக் காட்டட்டுமா?" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பல வருடம் சும்மா கிடந்த ஃபில்டர் கண்டன்சர் (கரண்டின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) ஷார்ட் ஆகியிருந்தால், நேரடியாக 230 வோல்ட் கொடுத்த சில நிமிடங்களில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். காசு கொடுத்து வாங்க வந்ததே அதைத்தான்.

முதலில் வால்வு எண்களைப் படியுங்கள். இசிஎச்81, இஎஃப்89, இஎல்84 என்று 'இ'யில் தொடங்கினால் மேலே பார்க்கலாம். 'யு'வில் தொடங்கினால் (யுசிஎச், யுஎல், யுஒய்) அட்டையை மூடிவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்த செட்டில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே பெரும்பாலும் இருக்காது. சேசிஸ் (எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டு) கரண்டின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் கிட்டார் கம்பியில் 230 வோல்ட் நிற்கும். டிகே, டிஎல் என்று தொடங்குபவை பேட்டரி செட். இந்த வேலைக்கு ஆகாது.

'இ' செட்டிலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் (செட்டைக் கரண்டிலிருந்து பிரிக்காதது) ஒளிந்திருக்கலாம். ஸ்விட்சை ஆன் நிலையில் வைத்து, கரண்டில் செருகாமல், பிளக்கின் இரு பின்களிலிருந்தும் சேசிஸுக்கு ஓம் பாருங்கள். மீட்டர் அசையவே கூடாது. பின்களுக்கு இடையே சுமார் 20 முதல் 80 ஓம் வரலாம். டிரான்ஸ்ஃபார்மரை முகர்ந்து பாருங்கள். கருகிய வார்னிஷ் வாடையும் வழிந்து உறைந்த மெழுகும் இருந்தால் விட்டுவிடலாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரி 200 முதல் 600 ஓம், ஸ்பீக்கர் பக்கம் ஒரு ஓமுக்கும் கீழே. பிரைமரி தலைமுடி போன்ற கம்பி என்பதால் அறுந்து கிடப்பது சகஜம். வால்வின் உச்சியில் வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84, பின்னால் நாம் சேர்க்கப்போகும் இசிசி83 இரண்டும் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. அதற்காக செட்டைத் தள்ள வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று கோர் ஒயர் போட்டு, எர்த்தை சேசிஸில் தனி போல்ட்டில் முறுக்குங்கள். ஃபேஸில் 1 ஆம்பியர் ஃபியூஸ். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் சிறு கண்டன்சரை வெட்டி எறியுங்கள். வோல்டேஜ் செலக்டர் இருந்தால் 245-இல் வையுங்கள். ஃபில்டர் கண்டன்சர்களை 450 வோல்ட், 47 மைக்ரோஃபாரட் கொண்டு மாற்றலாம். இஇசட்81 ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் வால்வு) முதல் கண்டன்சராக 50-க்கு மேல் தாங்காது. இஎல்84-இன் 2-ஆம் பின்னுக்கு (கிரிட், சிக்னல் நுழையும் முனை) வரும் மெழுகுக் காகித கண்டன்சரை யோசிக்காமல் மாற்றுங்கள்: 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட். இது கசிந்தால் கிரிடில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, வால்வு தகடு சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே போகும்.

முதல் தடவை சீரிஸில் 60 வாட் குண்டு பல்பு வைத்து ஆன் செய்யுங்கள். எல்இடி உதவாது. பளிச்சென எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். ஆஃப் செய்த பிறகும் கண்டன்சரில் 300 வோல்ட் வரை நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்பில் பிடித்து அதன் வழியே கண்டன்சரின் பாசிட்டிவ் முனையை ஐந்து விநாடி சேசிஸோடு சேர்த்து வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

ரேடியோவின் ஒற்றை டிரையோட் (ஒரு கட்டப் பெருக்கம்) கிட்டாருக்குப் போதாது; இரட்டை டிரையோடான இசிசி83-ஐச் சேர்க்க வேண்டும். இசிஎச்81, இஎஃப்89 இரண்டையும் பிடுங்கினால் ஹீட்டரில் (வால்வைச் சூடாக்கும் இழை) 0.5 ஆம்பியர் மிச்சமாகும். இசிசி83 கேட்பது 0.3 தான். இசிஎச்81 சாக்கெட்டின் பழைய இணைப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு அதிலேயே உட்கார வைக்கலாம். 4, 5 பின்களைச் சேர்த்து ஒரு ஹீட்டர் ஒயர், 9-இல் மற்றது. ஜாக்கிலிருந்து 68 கிலோ ஓம் வழியாக கிரிட், கிரிடிலிருந்து சேசிஸுக்கு 1 மெகா ஓம், ஆனோடுக்கு 100 கிலோ ஓம், கேதோடுக்கு 1.5 கிலோ ஓமும் 22 மைக்ரோஃபாரடும். ஆனோடிலிருந்து 0.022 மைக்ரோஃபாரட் வழியாக வால்யூம் கண்ட்ரோல். உருப்படிகள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு. இரண்டு வால்வு குறைந்ததால் ஹெச்.டி. (ஆனோடுகளுக்குப் போகும் உயர்) வோல்டேஜ் ஏறும். இஎல்84-இன் 3-ஆம் பின்னில் (கேதோடு) வோல்டேஜ் பார்த்து, கேதோடு ரெசிஸ்டரால் வகுத்தால் கரண்ட் வரும். அதில் ஸ்கிரீனுக்குப் பத்தில் ஒரு பங்கு கழித்து, ஆனோடுக்கும் கேதோடுக்கும் இடைப்பட்ட வோல்டேஜால் பெருக்குங்கள். 12 வாட்டைத் தாண்டினால் ரெசிஸ்டரை 150-லிருந்து 180, 220 என்று ஏற்றுங்கள்.

கோயில் திருவிழாவுக்குப் போன மைக் செட் ஆம்ப் கிடைத்தால் வேலை இன்னும் குறைவு. மைக் உள்ளீட்டில் கெயின் (பெருக்கம்) ஏற்கெனவே இருக்கும். தூரத்து ஸ்பீக்கர்களுக்கான 100 வோல்ட் லைனைத் தவிர 8 அல்லது 16 ஓம் முனையும் இருக்கிறதா பாருங்கள். 807 வால்வு என்றால் தலையில் இருக்கும் தொப்பியில் சில நூறு வோல்ட் உண்டு. கை படக் கூடாது.

ஸ்பீக்கர் இல்லாமல் எதையும் ஓட்டாதீர்கள். இரைச்சல் விடாமல் கேட்டால் கிட்டார் கேபிளைக் கழற்றிக் கேளுங்கள். 100 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் ஃபில்டர் கண்டன்சர்; தடித்த 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் ஒயர்களை முறுக்கி, கிரிட் ஒயரைவிட்டு விலக்கி, சேசிஸ் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள்.