செம்பருத்தியையும் எலியையும் ஒப்பிடுவது எப்படி?

நான்காம் ஆண்டு படிக்கும் பேத்திக்கு வீட்டுப்பாடம்: ஒரு தாவரத்தையும் ஒரு விலங்கையும் ஒப்பிடுக. மலேசியாவில் எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டு வாசலில் செம்பருத்தி, அதன் அடியில் கால்வாய், கால்வாயில் எலி. வேறு எங்கே போய்த் தேடுவது? "செம்பருத்திக்குச் சிவப்புப் பூ. எலிக்கு நாலு கால்" என்று எழுதி நீட்டினாள்.

"இது ஒப்பீடு இல்லைம்மா, ரெண்டு தனிக் கதை."

"அப்போ எப்படி எழுதுறது தாத்தா?"

நடுவில் ஒரு கோடு போட்டு, முதலில் கேள்வியை எழுதச் சொன்னேன். ஒரே கேள்வியைத்தான் இரண்டிடமும் கேட்க வேண்டும். "எது அழகு?" என்பதை அடித்துவிடுங்கள், அது அவரவர் ரசனை.

"எது வளர்ந்துகொண்டே இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். செடிக்குக் கிளை நுனி. நறுக்காவிட்டால் ஜன்னலை மறைத்துவிடும். எலிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு முன்பற்கள். கொறித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. குழாயடிச் சவர்க்காரத்தில் இரண்டிரண்டாக ஓடும் பள்ளங்களைப் பாருங்கள், அந்தப் பற்களின் அளவு தெரியும். சோப்பைத் தொடாதீர்கள். எலிச் சிறுநீர் பட்ட தண்ணீரிலும் ஈர மண்ணிலும் எலிக்காய்ச்சல் பரவும். செடியால் அந்தப் பயம் இல்லை.

அடுத்து, "எப்படிப் பெருகும்?" ஒரு பூவை நெடுக்காக வெட்டுங்கள். ஐந்து இதழ், நடுவே நீண்ட குழல், அதில் மஞ்சள் மகரந்தம், நுனியில் மகரந்தத்தை ஏற்கும் ஐந்து சூல்முடிப் புள்ளிகள். இத்தனை ஏற்பாடு இருந்தும் எங்கள் வாசல் செடி காய் பிடித்து நான் பார்த்ததில்லை. கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டிய ஒரு சாண் குச்சியை ஊன்றினால் போதும், தாயின் அச்சாகவே முளைக்கும். எலிக்கு ஜோடி வேண்டும். சுமார் 22 நாளில் குட்டி போடும்.

உணவு எளிது: ஒன்று வெயிலில் தானே சமைக்கும், மற்றது நம் குப்பையைக் கிளறும்.

கடைசி வரிசைக்கு அறிவியல் பெயர். 1960-இல் நம் தேசிய மலரான செம்பருத்திக்கு 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ், அதாவது சீன ரோஜா. அது ரோஜாவே இல்லை. கால்வாய் எலிக்கு 1769-இல் வைத்தது 'நார்வே' எலி. அதன் பூர்வீகமோ வட சீனா, மங்கோலியா பக்கம்.

"அப்போ ரெண்டுக்குமே தப்பான பேரா?" என்றவள், ஒற்றுமை என்ற கட்டத்தில் அதைத்தான் முதலில் எழுதினாள்.